இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஆள்

வீடு பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் குழாயைத்தான் திறந்து பார்ப்பார்கள். இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், ஏன் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. கூரை ஒழுகுமா, சுவர் நிற்குமா என்றெல்லாம் யோசிக்க மாட்டார்கள். குழாயில் தண்ணீர் கொட்டினால் முகம் மலர்ந்துவிடும். அதனால் வீடு காட்டுவதற்கு அரை மணி நேரம் முன்பே போய்த் தொட்டி நிறைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவேன். தொழிலில் எனக்கு அவ்வளவு பக்தி, மேடம். இதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை.

எங்கள் தொழிலில் இப்போது ஒரு புது நாகரிகம் கிளம்பியிருக்கிறது. விற்கிறவருக்கு ஒரு தரகராம், வாங்குகிறவருக்கு வேறொரு தரகராம். என் அலுவலகத்துக்கு எதிரே கடை போட்டிருக்கும் அம்மாள் அந்த ரகம். வாங்குகிறவர்களுக்கு மட்டும்தான் வேலை பார்ப்பார். எந்த வீட்டுக்குப் போனாலும் கூடவே ஓர் இன்ஜினியர், அவர் கையில் ஒரு டார்ச். சுவரைத் தட்டுவார்கள், மூலையை முகர்வார்கள், கேள்வியை எழுத்தில் கேட்டுப் பதிலையும் எழுத்தில் வாங்குவார்கள். சுமுகமாக முடிய வேண்டிய எத்தனை வியாபாரம் அந்த டார்ச் வெளிச்சத்தில் செத்துப் போயிருக்கிறது தெரியுமா? நினைத்தாலே எனக்கு வயிறு எரியும்.

நான் அந்த வம்பே வைத்துக்கொள்வதில்லை. இரண்டு பக்கத்துக்கும் நான் ஒருவனே. இவர் மனசில் இருப்பதும் எனக்குத் தெரியும், அவர் மனசில் இருப்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அதற்கு இரு பக்கமும் கமிஷன் வாங்குவேன். இரண்டு பேருக்கு உழைக்கிறவன் ஒரு கூலிக்கா உழைப்பான்?

ரயில் டிரைவரின் வீடும் அப்படித்தான் என் கைக்கு வந்தது. ஓய்வு பெற்ற மனிதர், மனைவி போய் நான்கு வருடம். வெளியூரில் இருக்கும் மகளுக்கு முதுகில் ஆபரேஷன், பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மாதக் கடைசிக்குள் விற்றுவிட்டுக் கிளம்ப வேண்டும் என்றார். அவசரத்தில் விற்கிறவர்கள்மேல் எனக்கு எப்போதும் ஒரு தனிப் பாசம் உண்டு.

வீட்டைச் சுற்றிக் காட்டும்போது குளியலறையில் என்னை நிறுத்தினார். சுவரில் கேஸில் ஓடும் வெந்நீர் ஹீட்டர். அதன் வயிற்றில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. “இதைப் பற்றவைக்காதீர்கள். புகை வெளியே போக வழி இல்லை.” அச்சடித்தது போல எழுத்து.

“என்னங்கய்யா இது?” என்றேன்.

“புகைக்குழாய் வெளிச்சுவர் வழியாப் போகுது தம்பி. போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரன் சுவரை எழுப்பி அதோட வாயை அடைச்சுட்டான். ஒருநாள் குளிச்சுக்கிட்டே இருக்கேன், கால் தானா மடங்குது. தவழ்ந்துதான் வெளிய வந்தேன். அன்னையிலேர்ந்து அடுப்புலதான் தண்ணி காயவெக்கிறேன். வாங்குறவங்ககிட்ட நானே நேர்ல சொல்லணும். ரயில்ல சிக்னலைப் பார்த்தா மட்டும் போதாது, வாய்விட்டுச் சொல்லணும். அப்பத்தான் பார்த்ததா அர்த்தம்.”

“நான் சொல்லிடறேங்கய்யா, நீங்க எதுக்கு அலையணும்?” என்றேன். நிம்மதியாகத் தலையாட்டினார்.

நீங்கள் கேட்கலாம். அந்த ஹீட்டரைக் கழற்றிவிட்டு மின்சாரத்தில் ஓடும் ஒன்றை மாட்ட என்ன செலவாகும் என்று. நான் போட்டிருக்கும் செருப்பின் விலைகூட ஆகாது. ஹீட்டர் எனக்கு ஒரு பொருட்டே இல்லை, மேடம். சுவர்தான் தொல்லை. பக்கத்து வீட்டுச் சுவர் எல்லையைத் தாண்டி டிரைவரின் மண்ணில் நிற்கிறது. ஹீட்டரை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்பார்கள். புகை போகவில்லை என்றால், ஏன் போகவில்லை என்பார்கள். ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள். அப்புறம் அளவுச் சங்கிலி, வக்கீல், வழக்கு. மாதக் கடைசி என்பது வருடக் கடைசி ஆகிவிடும். பாவம், டிரைவரின் மகளுக்கு ஆபரேஷன். நான் அந்தக் குடும்பத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டாமா?

வாங்க வந்தவர்கள் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆன ஜோடி. அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. அவள் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவள். தண்ணீருக்கடியில் இரண்டரை நிமிடம் மூச்சை அடக்குவாளாம், புருஷன் பெருமையாகச் சொன்னார். அவர்கள் வருவதற்கு முன் அந்தக் காகிதத்தை உரித்து எடுத்துவிட்டேன். பசை போக மறுத்தது. நகப்பூச்சு அழிக்கும் திரவம் வாங்கிவந்து, பஞ்சில் தொட்டு, பொறுமையாகத் துடைத்தேன். குளியலறை ஜன்னலின் கொக்கியை அழுத்தி மாட்டி, முன்னால் ஒரு பூந்தொட்டியை வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது.

அவள் நேராகப் போய்க் குழாயைத்தான் திறந்தாள்.

“வெந்நீர் நல்லா வருமாண்ணா? நாள் பூரா பச்சைத்தண்ணியில ஊறிட்டு வர்றேன். வீட்டுக்கு வந்ததும் அரைமணி நேரம் வெந்நீர்ல நின்னாத்தான் எனக்கு உடம்பே வழிக்கு வரும்.”

“கொதிக்கக் கொதிக்க வரும்மா,” என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

கண்ணாடிக்கடைக்காரர் மட்டும் கொஞ்சம் இழுத்தார். “எங்களுக்குன்னு தனியா ஒரு தரகரை வெச்சுக்கலாம்னு பார்க்கிறோம் சார். உங்க எதிர்க்கடை அம்மாகிட்டப் பேசினேன். இன்ஜினியரை வெச்சுப் பார்த்துத் தர்றேன்னாங்க. ஒரு கேஸ்ல ரெண்டு பக்கமும் ஒரே வக்கீல் வாதாடுவாரா?”

“வீடு வாங்கறது கேஸா சார்? கல்யாணம் மாதிரி,” என்றேன். “பொண்ணு வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒரே தரகர்தானே பேசறார்? ரெண்டு பேர் வந்தா ரெண்டு வாய். அவங்க முட்டிக்கிட்டு நிக்கறப்ப வேற எவனாவது வந்து வீட்டைக் கொத்திட்டுப் போவான். நேத்தே ஒருத்தர் முன்பணத்தோட வந்து நின்னார்.”

அப்படி யாரும் வரவில்லை. ஆனால் வந்திருக்கலாம் அல்லவா?

அவள் புருஷனின் கையைப் பிடித்தாள். “அண்ணா சொல்றது சரிதாங்க. எதுக்கு இன்னொருத்தர்? இவரே நம்ம வீட்டு ஆள் மாதிரி இருக்கார்.”

நம்ம வீட்டு ஆள். அந்த வார்த்தை எனக்கு உள்ளுக்குள் இனித்தது, மறைக்கவில்லை.

பிறகு இரண்டு பக்கமும் சந்தித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. “அவங்க பேரம் பேசறதுல பிசாசுங்கய்யா, நீங்க முகம் குடுத்தா விலையை இறக்கிடுவாங்க,” என்று டிரைவரிடம் சொன்னேன். “பெரியவர் சிடுமூஞ்சி, மனைவி போனதுலேர்ந்து யாரையும் பார்க்கப் பிடிக்காது,” என்று இவர்களிடம் சொன்னேன். டிரைவர் மகளிடம் போகும் முன் தன் சார்பில் கையெழுத்துப் போட எனக்கே அதிகாரம் எழுதிக் கொடுத்துவிட்டார். பத்திரம் பதிவான அன்று விற்கிறவரின் இடத்தில் கையெழுத்துப் போட்டது நான். வாங்குகிறவர்களிடம் எந்த வரியில் கையெழுத்துப் போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டியதும் நான். ‘குறைகள் ஏதும் இல்லை’ என்ற வரியையும் அப்படியே காட்டினேன். அவ்வளவு ஒற்றுமையான வியாபாரத்தை அந்த அலுவலகம் பார்த்திருக்காது.

அன்று சாயங்காலமே டிரைவர் போனில் கேட்டார். “அந்த ஹீட்டர் விஷயம் சொல்லிட்டீங்களா தம்பி?”

“சொல்லிட்டேங்கய்யா. அவங்க கரண்ட் ஹீட்டர் வாங்கியே வெச்சுட்டாங்க.”

“நல்லது தம்பி. நீங்க நல்லா இருக்கணும்.”

குடிவந்த பன்னிரண்டாம் நாள், மத்தியானம் மூன்று மணிக்கு நீச்சல் டீச்சர் இறந்து போனாள். கடையிலிருந்து புருஷன் போன் செய்திருக்கிறார், எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் குளியலறை உள்ளே தாழிட்டிருக்கிறது, தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்கிறது. கதவை உடைத்திருக்கிறார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை, கன்னம் சிவந்து தூங்குகிறவள் போல இருந்தாளாம். இந்த விவரமெல்லாம் உங்கள் அறிக்கையில் இருக்கும்.

துக்கம் விசாரிக்க முதல் ஆளாகப் போனது நான்தான். கண்ணாடிக்கடைக்காரர் என் தோளில் சாய்ந்து அழுதார். “வீட்டை வித்த ஆளுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும் சார்?”

“தெரிஞ்சுதான் இருக்கும்,” என்றேன். “மறைச்சிட்டார் சார். எனக்கே நெஞ்சு ஆறலை.” மனிதருக்குக் கோபித்துக்கொள்ள ஒரு ஆள் கிடைத்தது. இல்லாவிட்டால் தன்னையே நொந்துகொண்டிருப்பார்.

டிரைவருக்கும் நானே போன் செய்து சொன்னேன். “சொல்லியும் ஏன் தம்பி பத்தவெச்சாங்க?” என்றார்.

“இளவட்டம்ங்கய்யா, அலட்சியம். நீங்க மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க.”

அவரையும் தேற்றினேன். இரண்டு பக்கமும் தரகர் வைத்திருந்தால் வியாபாரம் முடிந்த கையோடு ஆளுக்கொரு திசையில் போயிருப்பார்கள். சாவு வீட்டிலும் இரு தரப்புக்கும் உழைத்த தரகனை நீங்கள் வேறெங்கும் பார்க்க முடியாது.

ஒரு மாதம் கழித்துக் கண்ணாடிக்கடைக்காரர் கூப்பிட்டார். அந்த வீட்டில் இருக்க முடியவில்லை, விற்றுக் கொடுங்கள் என்றார். என்னிடம்தான் கேட்டார், கவனியுங்கள். படிவங்களை எடுத்துக்கொண்டு போனேன். கூடத்தில் அவரோடு டிரைவர் உட்கார்ந்திருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மகள் ஊரிலிருந்து கிளம்பி வந்திருக்கிறார். சாவு கேட்டுவிட்டு மனம் பொறுக்கவில்லையாம். விற்றவரும் வாங்கியவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நான் வருவதற்கு எட்டு நிமிடம் முன்புதான் அவர் வந்தாராம். எட்டு நிமிடம் போதுமாக இருந்திருக்கிறது.

“எழுதி ஒட்டியிருந்தேனே தம்பி,” என்றார் டிரைவர். குரலை உயர்த்தவில்லை. “அந்தக் காகிதம் எங்க?”

கண்ணாடிக்கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் படிவங்களை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவற்றை எடுத்துக்கொண்டுதான் கண்ணாடிக்கடைக்காரர் மறுநாள் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார்.

இப்போது நேற்று நீங்கள் காட்டிய போன் அழைப்புப் பட்டியலுக்கு வருகிறேன். இறப்பதற்கு மூன்று நாள் முன்பு அவள் போனிலிருந்து என் போனுக்கு ஒரு அழைப்பு, நான்கு நிமிடம். புருஷனுக்கு அது தெரியாது. வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டாள் என்று நேற்று சொன்னேன். அது சரியில்லை.

“அண்ணா, ரெண்டு நாளாக் குளிச்சுட்டு வந்தா தலை சுத்துது,” என்றாள். “மூச்சு அடக்கறது என் தொழில், எனக்கே மூச்சு முட்டுது. ஹீட்டர்ல ஏதாவது கோளாறா இருக்குமா? பெரியவர்கிட்டக் கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?”

“இரும்மா, கேட்டுச் சொல்றேன்,” என்று சொல்லிப் போனை மேசைமேல் வைத்தேன். இரண்டு நிமிடம் காத்திருந்தேன். யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன கேட்பது? போனை எடுத்து, “பெரியவர்கிட்டக் கேட்டுட்டேன். ஹீட்டர்ல ஒண்ணும் இல்லையாம், புது பெயிண்ட் வாசனையா இருக்கும்னார்,” என்றேன்.

“அப்ப ஜன்னலைத் திறந்து வெச்சுட்டுக் குளிக்கட்டுமாண்ணா?”

ஜன்னலைத் திறந்தால் குழாயின் வாய் தெரியும். அதை அடைத்து நிற்கும் சுவர் தெரியும். பத்திரம் பதிவாகி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

“வேண்டாம்மா, பக்கத்துல வேலை நடக்குது, ஒரே தூசி. மூடியே வெச்சுக்கோ. ரெண்டு வாரத்துல சரியாயிடும்,” என்றேன்.

அதுதான் முழு விஷயம். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன். ஒன்றை மட்டும் தயவுசெய்து மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். போனை வைக்கும் முன் அவள் எனக்கு நன்றி சொன்னாள். என் வேலையில் குறை இருந்திருந்தால் சொல்லியிருப்பாளா?