சுவருக்கு அந்தப் பக்கம் கத்தின அலாரம்

வேத வசனத்துக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு சின்ன சம்பவம் சொல்றேன், கேளுங்க. ரெண்டு நிமிஷக் கதைதான்... ஆனா எனக்கு ரெண்டு நாள் தூக்கம் போச்சு.

நம்ம மார்த்தாண்டத்துப் பொண்ணு, ஷைனி. நர்ஸ். புருஷன் ஜெபசிங்கோட இங்கிலாந்துல ஒரு சின்ன ஊருக்குக் குடிபோய் அப்போ ஏழு மாசம். அங்க வீடெல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கும். ஒரே சுவர்... இந்தப் பக்கம் ஷைனி, அந்தப் பக்கம் மார்ஜரின்னு எண்பது வயசு அம்மா. தனியா இருக்காங்க.

போன வருஷம் டிசம்பர் இருபத்தஞ்சு, கிறிஸ்மஸ். நம்ம ஊர்ல அன்னிக்கு எப்படி? வாசல்ல ஆள் வந்துக்கிட்டே இருக்கும்ல? அங்க பஸ் ஓடாது. ரயில் ஓடாது. கடை கிடையாது. மத்தியானம் ஆனா ஒவ்வொரு குடும்பமும் கதவைச் சாத்திக்கிட்டு வான்கோழி சுட்டு, தலையில காகிதக் கிரீடம் வச்சுக்கிட்டு விருந்து சாப்பிடுவாங்க. தெருவுல ஒரு ஈ காக்கா இருக்காது!

ஷைனி முந்திரிக்கொத்து சுட்டு வச்சிருக்கா. "ஏங்க, அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் கொடுத்துட்டு வரட்டா?"

"சும்மா இரு ஷைனி. இங்க சொல்லாம கொள்ளாம போய்க் கதவைத் தட்டினா மரியாதை இல்ல. அதுவும் இன்னிக்கு!"

சரின்னு உட்கார்ந்துட்டா.

பன்னிரண்டரை மணி... சுவருக்கு அந்தப் பக்கம் கீ... கீ... கீன்னு ஒரு சத்தம். புகை வந்தா கத்துற அலாரம்.

ஜெபசிங் சிரிக்கிறான். "வான்கோழி சுடும்போது எல்லா வீட்லயும் அது கத்தும். இப்போ அணைச்சிடுவாங்க."

ஒரு நிமிஷம் ஆச்சு. கத்துது. மூணு நிமிஷம்... கத்துது. ஷைனி சுவர்ல காதை வைக்கிறா. காலடிச் சத்தம் இல்ல. நாற்காலி நகர்ற சத்தம் இல்ல. அலாரம் மட்டும்... கீ... கீ...

"மரியாதை போனா போகட்டுங்க!" எழும்பி ஓடினா.

மணி அடிச்சா. பதில் இல்ல. கதவுல தபால் போட ஒரு பொந்து இருக்கும், முட்டுக்கால் போட்டு அது வழியா பார்க்கிறா. உள்ள ஒரே புகை. தரையில... ரெண்டு கால். அசையல.

"மார்ஜரி! மார்ஜரி!"

ஜெபசிங் தீயணைப்புக்குப் போன் போடுறான். பனி கொட்டுது, வண்டி வர இருபது நிமிஷமாம். இருபது நிமிஷம்! ஷைனி எதிர்வீட்டுக் கதவை ரெண்டு கையாலயும் அடிக்கிறா. ஒரு பெரிய மனுஷன் கோபமா திறக்கிறார், தலையில சிவப்புக் காகிதக் கிரீடம். இவ கை காட்டுறா. கிரீடத்தைக் கழற்றக்கூட இல்லய்யா அவர்... ஓடி வந்து தோளால கதவை மோதுறார். ஒண்ணு... ரெண்டு... மூணாவது மோதல்ல தாழ்ப்பாள் பிஞ்சுது!

ஈரத் துண்டை மூஞ்சியில கட்டிக்கிட்டு ஷைனியும் அவரும் அந்த அம்மாவை வெளியே இழுத்துட்டாங்க. இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கு. அடுப்புல வச்சது கரியாகி எரியுது. ஆனா... மூச்சு இருக்கு!

ஆம்புலன்ஸ்ல ஷைனி கூடவே போறா. மார்ஜரி அவ கையைப் பிடிச்சுக்கிட்டு மெல்ல, மெல்லச் சொல்றாங்க: "மேஜையில... மூணு தட்டு வச்சிருக்கேன், பார்த்தியா?"

"யாரும்மா வர்றாங்க?"

"நீயும் உன் புருஷனும். மூணு நாளா உங்க வாசல்ல வந்து நின்னேன், கண்ணு. தட்டணும்னு கையைத் தூக்குவேன்... எங்க சாப்பாடு உங்களுக்குப் பிடிக்குமோ, தொந்தரவோன்னு... திரும்பிடுவேன். இன்னிக்கு எப்படியும் கூப்பிடணும்னு கோட்டு எடுக்க ஓடினேன். விழுந்துட்டேன்."

ஷைனி அழுத அழுகை இருக்கே...

ரெண்டு மாசம் கழிச்சு அந்த அம்மா கம்பு ஊன்றி வீட்டுக்கு வந்துட்டாங்க. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! ஆனா ஒண்ணு கேட்கிறேன், சபையே. இந்தப் பக்கமும் அன்பு இருந்துச்சு. அந்தப் பக்கமும் அன்பு இருந்துச்சு. இல்லாதது என்ன? முதல்ல போய் நிக்கிற தைரியம்! ரெண்டு பேரும் மரியாதை பார்த்தாங்க... நடுவுல ஒரு உயிர் போகப் பார்த்துச்சு.

இது இங்கிலாந்துக் கதைன்னு நினைக்காதீங்க. உங்க காம்பவுண்டுக்கு அடுத்த வீட்ல இருக்கிறவங்க பேர் சொல்லுங்க பார்ப்போம்... ஏன் தலை குனியுறீங்க? மாட்டுத் தொழுவத்துல பிறந்தவரைக் கும்பிட வந்திருக்கோம். அவர் பிறக்க இடமில்லைன்னு சொன்ன ஊரா நாம இருந்திடக் கூடாது. இன்னிக்குப் போற வழியில ஒரு கதவைத் தட்டுங்க. திறக்கலையா... திரும்பி வந்திடாதீங்க. இன்னொரு தடவை தட்டுங்க.