நடு உருண்டை

நாய்க்கு மாத்திரை கொடுப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைப் பிசைந்து மூன்று உருண்டை பிடிக்க வேண்டும். முதலாவது வெறும் உருண்டை. அதைத் தின்றதும் நம்மேல் நம்பிக்கை வந்துவிடும். நடு உருண்டைக்குள் மாத்திரை. மூன்றாவதை மூக்குக்கு நேரே காட்டிக்கொண்டே நடு உருண்டையை நீட்டினால், அடுத்தது போய்விடுமோ என்ற அவசரத்தில் மெல்லாமல் விழுங்கிவிடும். நாய்கள் காப்பகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

மருந்துக் கடையில் முப்பத்தொரு வருடம் நின்றவன் நான். டாக்டர்களின் கோழிக் கிறுக்கலை எழுதியவருக்கே நான் படித்துச் சொன்னதுண்டு. அதனால்தான் அந்த வலிப்பு நாயை நம்பிக் கொடுத்தார்கள். எலும்பும் தோலுமாகக் கிடைத்தவன் என்பதால் கேலியாகப் பயில்வான் என்று பெயர் வைத்திருந்தார்கள். காலையில் ஒரு மாத்திரை, மாலையில் ஒன்று. வலிப்பு வந்தால் நாளையும் நேரத்தையும் நோட்டில் எழுத வேண்டும். தொடர்ந்து அறுபது நாள் வலிப்பு இல்லையென்றால் அவனை நிரந்தரமான ஒரு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதுவரை வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. இதெல்லாம் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

வந்த மூன்றாம் நாள் மாடிப்படியிலேயே அவனுக்கு வலிப்பு வந்தது. படுத்த வாக்கில் நான்கு கால்களும் ஓடின. துண்டை மடித்துத் தலைக்கு அடியில் கொடுத்து, வலிப்பு நின்றபின் வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால், மேல்வீடு கீழ்வீடு எல்லாரும் சுற்றி நிற்கிறார்கள். "பெத்த புள்ளயக்கூட இப்படிப் பார்க்க மாட்டாங்கண்ணே" என்றாள் கீழ்வீட்டு அம்மாள். அன்று எனக்கு நல்ல தூக்கம்.

என் மனைவி ஆறு வருடம் படுக்கையில் இருந்தாள். அவளுக்கு வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். அந்த ஆறு வருடமும் என்னிடம் நின்று நாலு வார்த்தை விசாரிக்காமல் இந்தக் கட்டடத்தில் யாரும் படியேறியதில்லை. அவள் போன மறுமாதமே என்னைச் சீந்த ஆளில்லை. குறையாகச் சொல்லவில்லை. நன்றாக நடமாடுகிறவனை யார் விசாரிப்பார்கள்?

பயில்வான் மெல்லத் தேறினான். உடம்பில் சதை போட்டது. எப்போதும் தாகம் என்று சட்டி சட்டியாகத் தண்ணீர் குடிப்பான், வீட்டை நனைப்பான், நான் துடைப்பேன். வெளியே போய்த் திரும்பினால் செருப்பைக் கழற்றக்கூட விடமாட்டான். எனக்கு அவன்மேல் உயிர். இதையும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா; பிறகு கேட்க மறந்துவிடுவீர்கள்.

வலிப்பு இல்லாத நாற்பத்தேழாம் நாள் காப்பகப் பொறுப்பாளர் போன் செய்தாள். சின்னப் பெண்தான், ஆனால் கெட்டிக்காரி.

"சார், பயில்வானுக்கு நல்ல இடம் அமைஞ்சிருக்கு. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமே டெய்லர், வீட்டுலயே வேலை. பின்னாடி பெரிய முற்றம். இன்னும் பதிமூணு நாள்தானே?"

"ரொம்ப சந்தோஷம்மா" என்றேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன். ஆனால் தையல்காரர்களுக்கு வலிப்பைப் பற்றி என்ன தெரியும் என்று ஒரு கவலை வந்துவிட்டது. வலிப்பு வருகிற நேரத்தில் மெஷின் சத்தத்தில் கேட்குமா? அந்தக் கவலையோடுதான் மறுநாள் காலை முட்டையைப் பிசைந்தேன். அன்று மூன்றுமே வெறும் உருண்டை.

அவன் வழக்கம்போல வாலை ஆட்டிக்கொண்டு மூன்றையும் தின்றான். மாலையும் அப்படியே. நான்காம் நாள், நான் தினசரியைப் படித்துக்கொண்டிருந்தபோது என் காலடியிலேயே விழுந்தான். துண்டு பக்கத்தில் தயாராக இருந்தது. கதவைத் திறந்துவைத்துவிட்டு அவன் தலையைப் பிடித்துக்கொண்டேன். கீழ்வீட்டு அம்மாள் ஓடி வந்தாள். நோட்டில் மணி பதினொன்று இருபது என்று எழுதினேன். கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கியது.

அப்புறம் இரண்டு மாத்திரையில் ஒன்றைக் கொடுத்தேன், சில வாரம் இரண்டையும் நிறுத்தினேன். என் கைப்பக்குவம் எனக்குத் தெரியும். நாலு மாதத்தில் ஒன்பது முறை வலிப்பு வந்தது. டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். அந்தத் தையல்காரத் தம்பதி வேறு நாய் வேண்டாம், இவனுக்காகக் காத்திருக்கிறோம் என்றார்களாம். சில பேர் அப்படித்தான், விடாக்கண்டர்கள்.

ஒரு மத்தியானம் பொறுப்பாளர் சொல்லாமல் வந்தாள். கொஞ்ச நேரம் பயில்வானையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தண்ணி எப்படிக் குடிக்கிறான் சார்?"

"இப்பல்லாம் ரொம்ப ஒழுங்கும்மா. காலைல வச்சது சாயங்காலம் வரைக்கும் பாதி அப்படியே கிடக்கும். வீட்டை ஒரு சொட்டு நனைக்கறதில்ல."

நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொன்னதுபோல. அந்த மருந்தைச் சாப்பிடுகிற நாய் தண்ணீர்ச் சட்டியை விட்டு வாயை எடுக்காது. முப்பத்தொரு வருடம் மருந்து விற்றவன், ஒரு நல்ல பெயருக்காக அதை மறந்துவிட்டேன். அவள் தடுப்பூசி போட வேண்டும் என்று சொல்லி அவனை அழைத்துப் போனாள். போகும்போது அவன் என்னைத்தான் திரும்பிப் பார்த்தான்.

மறுநாள் தனியாக வந்தாள். "அவன் ரத்தத்துல மருந்து பேருக்குக்கூட இல்ல சார்."

"உருண்டைல ஒட்டாம கீழ விழுந்திருக்கும்மா."

"நாலு மாசமாவா?" என்றாள். அழுதாள் என்று நினைக்கிறேன்.

இப்போது அவன் அந்தத் தையல்காரர்கள் வீட்டில் இருக்கிறான். ஐந்து மாதமாக வலிப்பே இல்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள். சரி, மருந்து சரியாகப் போகிறது போலிருக்கிறது.

நீங்கள் அலமாரியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்திருக்கும் கண்ணாடிப் புட்டி என்னுடையதுதான். மாத்திரையைக் குப்பையில் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. மேலே இருக்கும் வெள்ளை பயில்வானுடையது. அடியில் கிடக்கும் மஞ்சள் என் மனைவிக்கு எழுதிக் கொடுத்தது, அந்த ஆறு வருடத்தில் சேர்ந்தது. மஞ்சள் எல்லாம் காலாவதியாகிவிட்டது. அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையை மட்டும் அந்த வீட்டில் சேர்த்துவிடுங்கள். கடையில் தீர்ந்துபோனால் அவர்கள் என்ன செய்வார்கள்? இரண்டு வேளை தவறினாலும் அவன் தாங்கமாட்டான், ஐயா. அது என்னைவிட வேறு யாருக்குத் தெரியும்?