சொட்டு மருந்து விட்ட அன்று வேனைப் பின்னால் எடுத்தது பற்றி

என் பெயரும் முகவரியும் இத்துடன் இணைத்த தாளில் உள்ளன. வயது ஐம்பத்திரண்டு. சலவை நிலையம் ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகளாக வேன் ஓட்டுகிறேன். இறந்துபோனவர் அதே நிலையத்தில் துணி ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர். என் தங்கையின் கணவர்; மாப்பிள்ளை என்றுதான் அழைப்பேன். எங்களுக்குள் முன்விரோதம் எதுவும் கிடையாது.

எனக்கு ஏழு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. கண்ணின் உட்புறத்தைச் சோதிக்கும்படி மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்ததால், கடந்த செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்குக் கண் மருத்துவமனைக்குப் போனேன். அங்கே ஒரு நர்ஸ் என் தலையைச் சாய்க்கச் சொல்லி இரண்டு கண்களிலும் சொட்டு மருந்து விட்டார். எரிந்தது. பத்து நிமிடம் கழித்து மறுபடியும் விட்டார். கண் பாப்பா விரிந்தால்தான் உள்ளே பார்க்க முடியும், அது சுருங்காமல் இருக்கத்தான் இந்த மருந்து என்றார். அதன் பிறகு மருத்துவர் விளக்கடித்துப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பினார். புறப்படும்போது அந்த நர்ஸ் என்னை நிறுத்தி, "ஐயா, சாயங்காலம் வரைக்கும் வெளிச்சம் கூசும், கிட்ட இருக்கறது மங்கலாத் தெரியும். வண்டியை மட்டும் தொட்டுடாதீங்க. கூட யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்டார். மாப்பிள்ளை வெளியே நிற்கிறார் என்று சொன்னேன். அது பொய். நான் தனியாகத்தான் போயிருந்தேன்.

அதன் பிறகு பேருந்தில் சலவை நிலையத்துக்கு வந்தேன். வெயில் கூசியதில் பேருந்தின் எண் தெரியாமல், பக்கத்தில் நின்றவரைக் கேட்டு ஏறினேன். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

நான் வந்தபோது மேற்பார்வையாளர், மாற்று ஓட்டுநருக்குக் காய்ச்சல் என்றும், ஆபரேஷன் அறைத் துணிகள் ஒரு மணிக்குள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டும் என்றும் சொல்லி, என்னால் முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். மருந்து விட்டதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேறு ஆளைத் தேடியிருப்பார். முடியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "என்ன மச்சான், முழி ரெண்டும் ஆந்தை மாதிரி இருக்கு? யாரைக் கண்டு மிரண்டீங்க?" என்றார். மருந்து விட்டிருக்கிறார்கள், சரியாகிவிடும் என்றேன். "அப்ப நான் பின்னாடி நின்னுக்கறேன், மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு துணி ஏற்றும் மேடையை நோக்கி வேனைப் பின்னால் எடுத்தேன். பக்கவாட்டுக் கண்ணாடி முழுக்க வெள்ளையாக இருந்தது. வெளிச்சமா, அடுக்கி வைத்த விரிப்புகளா என்று தெரியவில்லை. "வாங்க, வாங்க" என்ற குரலை வைத்து ஓட்டினேன். குரல் நின்றது. இன்னும் இடம் இருக்கிறது போலும் என்று எடுத்துக்கொண்டேன். வேன் முட்டி நின்றது. மேடையின் ரப்பர் கட்டையில் முட்டியதாக நினைத்து, கைப் பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்துச் சாவியையும் எடுத்துவிட்டேன். இஸ்திரி போடும் பெண்கள் கத்திய பிறகுதான் மறுபடி சாவியைப் போட்டு வேனை முன்னால் நகர்த்தினேன். அப்போது மணி பன்னிரண்டு இருபது.

இரண்டு பத்துக்கு மருத்துவமனையில் அவர் இறந்தார். அடையாளம் சொல்லும்படி என்னை உள்ளே அழைத்தார்கள். கிட்டே போகப் போக முகம் மங்கியது. இரண்டடி பின்னால் வந்து நின்று பார்த்து, அவர்தான் என்றேன்.

அதன் பிறகு அந்த நர்ஸை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். எச்சரித்ததற்கு அவரிடம் எழுத்தில் எதுவும் இல்லையாம். யாரும் எதுவும் சொல்லவில்லை என்று சொன்னால் போதும், நீ தப்பித்துக்கொள்ளலாம் என்று உடன் வேலை செய்பவர்கள் சொன்னார்கள். நேற்று என் தங்கையும் அதையே சொன்னாள். "அவரும் போயிட்டாரு, நீயும் உள்ள போயிட்டா என் பிள்ளைங்களுக்கு யாருண்ணே இருக்கா? அந்தப் பொண்ணு சொன்னதை யாரு கேட்டா?" என்றாள்.

"நான் கேட்டேம்மா" என்றேன்.

அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்று காலை நான் இந்தக் காவல் நிலையத்துக்குப் புறப்பட்டபோதும் திறக்கவில்லை.

இதை யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நானாகச் சொல்கிறேன். எழுதியதை அதிகாரி படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)