தொப்பியில வெள்ளைத் துணி இல்லாதவன்

என்னங்க ஓலீட்டா, நான் நெஞ்சுல கைய வெச்சு, ஐயோ தப்புப் பண்ணிட்டேன்னு அழுவேன்னு நெனச்சா வந்தீங்க? கைக்குட்டைய வேற கையிலயே வெச்சிருக்கீங்க. அழணும்னா அழறேன், எனக்கென்ன. நம்ம பாதிரியார் அழற மாதிரியும் வரும், உங்க வீட்டுக்காரர் டெல்மர் அழற மாதிரியும் வரும். எது வேணும்?

சரி சரி, கோவிச்சுக்காதீங்க. ஒக்காருங்க. இந்தத் தீயணைப்பு ஹால்ல இன்னிக்கு நாற்காலி கெடைக்கிறதே பெருசு. மூணு மணிக்குக் கோர்ட்டுலேர்ந்து ஆளுங்க வந்து பாப்பாங்க. புடிச்சுப்போச்சுன்னா நாங்க செஞ்ச இந்தப் பொம்மைச் சண்டைக்காட்சியத் திங்கக்கெழமையே கோர்ட்டுல இருக்கற கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஏத்திருவாங்க. அப்புறம் ஊர்ல இருக்கற பள்ளிக்கூடப் பசங்க அத்தனையும் மூக்க ஒட்டவெச்சுப் பாக்கும்.

தெரியுதுங்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு கோடு. ஓடையத் தாண்டுற அந்தப் பொம்மையோட தொப்பியச் சுத்தி வெள்ளையா ஒரே ஒரு கோடு இழுத்துவிடுன்னு சொல்றீங்க. நாலு நொடி வேலைதான். பிரஷ்ல மூணு முடி இருந்தாப் போதும்.

மாட்டேன்.

ஏன்னா அது வேலைக்குச் செய்ற துரோகம்ங்க. ஒவ்வொரு பொம்மையும் கட்டவெரல்ல பாதி ஒசரம். எவ்ளோ கஷ்டம் தெரியுமா? கடையில விக்கறதெல்லாம் பட்டாளத்துக்காரன். பளபளன்னு பொத்தான், இடுப்புல தோட்டாப் பை, விறைப்பா நிப்பான். அந்த உள்நாட்டுப் போர் காலத்துல நம்ம ஊர்க்காவல் படையில எவன் அப்படி நின்னான்? ஏர்லேர்ந்து அவுத்துவிட்ட மாதிரி ஓடிவந்தவனுங்க. அதனால பட்டாளத்தான் தலைய அறுக்கணும். பொத்தான ஒவ்வொண்ணா அரத்தால தேய்க்கணும். பசைமாவ உருட்டி ஒட்டி மேல்கோட்ட நீளமாக்கணும், முட்டியில கிழிசல் வெக்கணும். கழுத்துல ஓட்டை போட்டு, பித்தளைக் கம்பி சொருகி, புதுத் தலைய நடணும். ஒரு ஆளுக்கு ஒம்போது நாள்.

யூனிஃபார்ம்னு அவனுங்ககிட்ட இருந்ததே தொப்பியில சுத்தின அந்த வெள்ளைத் துணிதான். சுடறதுக்கு முன்னாடி நம்மாளா, காட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கற அந்தப் பக்கத்தானான்னு பாக்கறதுக்கு. அதக் கழட்டிட்டா நீ யாருமே இல்ல. அதான் கதையே! மாவு மில்லுல பன்னெண்டு பேரு. பதினோரு பேர் தூங்கறான், ஒருத்தன் காவல். விடியக்கால காவக்காரன் துணிய அவுத்துக் கம்பத்துல மாட்டிட்டு, ஓடையத் தாண்டிப் போயி, அந்தப் பக்கத்தானுங்ககிட்ட எல்லாம் தூங்குறானுங்க வாங்கன்னு சொல்லிட்டான். ஒம்போது பேர் காலி. மூணு பேர் தப்பிச்சான். மூணு பேரும் அந்தத் துணி என்னுது இல்லன்னுட்டான். விசாரணைக் காயிதமும் கோர்ட்டு எரிஞ்சப்போ போயிருச்சு.

மூணு பேர் யாருன்னு எனக்கே சொல்லித் தர்றீங்களா? உங்க வீட்டுக்காரரோட பிராதர் குடும்பத்து முன்னோர் ஈலியஸ். எங்க தாத்தாவுக்குத் தாத்தா ஆசா டிபெட். அப்புறம் எங்கயோ மேற்க ஆரிகான் மாநிலத்துக்குப் போன ஒருத்தன், கல்யாணமே ஆகாதவன்.

அவன் மூஞ்சியப் போட்டிருக்கலாம்தான். ஆனா அவன் மூஞ்சி எவனுக்குங்க தெரியும்? பாத்தவன் ஒருத்தன்கூட சிரிக்கமாட்டான்.

பொம்மை செய்ற நம்ம கிளப்புல வழக்கம் என்ன? அவனவன் முன்னோருக்கு அவனவன் மூஞ்சி. எல்லாரும் வந்து நாற்காலியில ஒக்காந்து படம் எடுத்துக்கிட்டாங்க. உங்காளும் வந்தாரு. என்னா சந்தோஷம் அவருக்கு! தலைய தண்ணி தொட்டு சீவிட்டு, தொண்டையக் கனைச்சுக்கிட்டே வந்தாரு. ம்க்கும். ம்க்கும். ஹார்லன், கண்ணாடி போட்டுக்கட்டுமா, கழட்டிரட்டுமா? ஈலியஸ் காலத்துல கண்ணாடி இருந்துச்சா, ஹார்லன்? ம்க்கும். நான் கொஞ்சம் வீரமா பாக்கட்டுமா?

சிரிக்கமாட்டேங்கறீங்க. இந்த ம்க்கும் ஒண்ணுக்கே கிளப்புல எல்லாரும் உருளுவானுங்க.

ஈலியஸ்தான் துரோகின்னு நான் எங்கயாவது எழுதியிருக்கேனா? பாருங்க, கீழ ஒரு பேர்கூட ஒட்டல. ஓடையத் தாண்டுறான் ஒருத்தன், தொப்பி வெறுமையா இருக்கு, தாடை அப்படியே டெல்மர் தாடை. அவ்ளோதான். பாக்கறவன் என்ன நெனச்சாலும் அது அவன் பாடு.

அந்த டைனர் சாப்பாட்டுக்கடை விஷயமா? அது வெளையாட்டுங்க. டெல்மர் உள்ள நொழஞ்சாரு, அந்தக் காவக்காரன் துணிய அவுத்த மாதிரி நான் என் தொப்பியக் கழட்டிப் பாக்கெட்ல திணிச்சுக்கிட்டேன். ஒரே ஒரு தடவதான். அடுத்த நாள் பாத்தா கடை மொத்தமும் கழட்டுது. அதுல என்ன வேடிக்கைன்னா, உங்காளு மொத ரெண்டு நாளு மரியாத பண்றாங்கன்னு நெனச்சுக்கிட்டாரு! மேசை மேசையாப் பாத்துத் தலையாட்டிக்கிட்டே போனாரு. இப்படி. ம்க்கும், காலை வணக்கம். ம்க்கும், காலை வணக்கம். மூணாம் நாளு எவனோ சொல்லிட்டான்போல. முட்டைத் தட்ட அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

சர்ச்சுக்கும் வர்றதில்லையா? தூங்கறதும் இல்லையா?

இப்ப எங்க இருக்காரு? வெளிய வண்டியிலயா? பொண்டாட்டிய அனுப்பிட்டு வண்டியில ஒக்காந்திருக்காரா! அடப்பாவமே. உள்ள வரச்சொல்லுங்க, கோர்ட்டுக்காரங்க பொம்மையையும் ஆளையும் பக்கத்துல வெச்சுப் பாக்கட்டும்.

கைய எடுங்க ஓலீட்டா. பிரஷ்ஷக் கீழ வைங்க. அது என்னுது. நீங்க இப்படிப் புடிச்சா அவனுக்குத் தொப்பியில வெள்ளை விழாது, மூஞ்சியிலதான் விழும். வைங்க. ம். அப்படி.

வெர்லின், நீ ஏன்டா எந்திரிக்கற? ஒன் பீரங்கிச் சக்கரத்த ஒட்டிக்கிட்டு ஒக்காரு. இவனத் தெரியும்ல ஓலீட்டா, வாரத்துல ரெண்டு நாளு கோர்ட்டு நெலவறையில எலி தின்ன காயிதத்த அடுக்கறவன். ரொம்ப நல்லவன், ஆனா சட்டுனு பேச்சு வராது. ஒரு வாக்கியம் பேசறதுக்குள்ள பசை காஞ்சுடும்.

என்னடா? வேண்டாம்டா. இப்ப எதுக்கு அது?

டேய் வெர்லின்.

இப்படியா கத்துவ? ஹால் முழுக்கத் திரும்பிப் பாக்குது.

கேட்டுச்சா உங்களுக்கு? கேக்காம எப்படி இருக்கும், வெளிய வண்டியில இருக்கறவருக்கே கேட்டிருக்கும். துரோகி எங்க ஆசா டிபெட்டாம். காயிதம் எரியலையாம். மில்லுக்காரன் பொண்டாட்டி பாத்துட்டு சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்காளாம், காவல் நின்னதும் ஆசா, துணிய அவுத்ததும் ஆசா. போன குளிர்காலமே ஹார்லன் கையில குடுத்தேங்கறான்.

குடுத்தான். பொய் சொல்லமாட்டான் அவன். நான்தான் படிச்சுட்டுப் பெட்டியிலயே திருப்பிப் போடுடான்னேன்.

அப்படிப் பாக்காதீங்க. பன்னெண்டு பேருல எவனோ ஒருத்தன் தொப்பி வெறுமையா இருந்தாகணும்ல? என் மூஞ்சியவே செதுக்கி அங்க நடச் சொல்றீங்களா? எனக்கு இந்த ஊர்ல பொழப்பு இருக்குங்க. அதனால படத்தையெல்லாம் மேசையில பரப்பி வெச்சுக்கிட்டு ஒக்காந்து யோசிச்சேன். நம்ம கிளப்பு ஆர்வெல் மூஞ்சியப் போட்டா என் மூக்க ஒடைப்பான். காலிஸ் மூஞ்சியப் போட்டா வக்கீல் நோட்டீசு வரும். உங்க வீட்டுக்காரர்தான், என்ன பண்ணாலும் ஒண்ணும் சொல்லமாட்டாருன்னு தோணுச்சு. வேற ஒண்ணும் இல்ல.