ஏழு அடிக்கும் உடையாத இரும்பு

தொண்ணூறுகளில் ஒரு சாயங்காலம். காந்திபுரம் டவுன் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் திடீரென்று கத்தினார். "சுத்தியல்ல ஏழு அடி அடிச்சேனுங்க, உடையவே இல்லீங்க!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் சட்டையெல்லாம் இரும்பு வார்க்கும் பவுண்டரியின் கரி. மடியில், நடுவில் வளைந்த இரும்புப் பட்டை ஒன்று துண்டில் பாதி சுற்றியிருந்தது.

பக்கத்து சீட்டுக்காரர் நம்பவில்லை. "வார்ப்பிரும்பு உடையாம இருக்குமாங்க?"

"காய்ச்சுன இரும்புல மெக்னீசியத்தோட சீரியம்னு ஒரு உலோகம் போட்டமுங்க. கொழம்புக்கு உப்புப் போடறாப்பல, துளியூண்டுதானுங்க. வளையுது, உடையறதில்லீங்க! தட்டிப் பாருங்க."

பக்கத்து சீட்டுக்காரர் சாவியால் தட்டினார். "அட, கோயில் மணியாட்டக் கேக்குதுங்க! எங்க கொண்டு போறீங்க?"

"மொதலாளி ஊட்டுக்குங்க. நம்ம பட்டறைல இது ஆகவே ஆகாதுன்னாருங்க." துண்டை இன்னும் கொஞ்சம் விலக்கினார். "அவரே அடிச்சுப் பாக்கட்டும்னு சுத்தியலும் எடுத்துட்டு வந்துபோட்டனுங்க!"