வாசல்ல நிக்கிற வேஷம்

இல்லக்கா, காரு, கரண்டு எதையும் தொடாம பழைய காலத்து உடுப்போட இருக்கிற அந்த ஆமிஷ் சனம் இல்ல நாங்க. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. பஸ் டிரைவர்கூட, குதிரை வண்டிய எங்க விட்டுட்டு வந்தீங்கன்னு கிண்டலடிச்சாரு. இது வேஷம். இந்தத் தொப்பி, ஏப்ரன், பையன் போட்டிருக்கிற வார் வச்ச டவுசர், எல்லாம் மியூசியத்து உடுப்பு. மாத்த நேரமில்ல. இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் நான் ஒரு கவர்னரோட அம்மா.

உக்காருங்க, எங்ககிட்ட பை ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு உதவி. பின்னாடி பச்சைக் கலர் பிக்கப் ஏதாச்சும் வந்தா சொல்லுங்க. எங்க வீட்டுக்காரர் வண்டி. ராயிஸ்னு பேரு. நடுவழியில நிறுத்தி ஏறிட்டாருன்னா பையனக் கூட்டிட்டுப் போயிருவாரு. நான் எதுத்துப் பேசிப் பழகினவ இல்ல. ஆத்தத் தாண்டினா எங்க தங்கச்சி நாடீன் நிப்பா. அவகிட்ட போய்ச் சேந்துட்டா போதும், மிச்சத்த அவ வாயே பாத்துக்கும்.

எனக்கா? எனக்கு வாயே இல்லன்னுதான் மியூசியத்துல அந்த வேலை கெடச்சுது. நெசமாத்தான். எட்டாவதோட நின்னவ நான். ட்ரெட்வெல் கவர்னர் தெரியுமா? தெரியாதா? எங்க ஊர்ல வந்து அப்படிச் சொல்லிறாதீங்க. ஸ்கூல், பாலம், ஜெயில், எல்லாம் அவர் பேருதான். அவர் பொறந்த வீடுதான் மியூசியம். ஓட்டிஸ்னு ஒரு பெரியவர் சுத்திக் காட்டுவாரு. அவர் சொல்றதெல்லாம் ஒரே விஷயம்தான். ஏழு வயசுலேருந்து அப்பன் அவர விறகுக் கொட்டகைக்குள்ள இழுத்துட்டுப் போய், குதிரை வாராலயே வெளுப்பானாம். அதனாலதான் சண்டையில கால் போனப்பகூட அவர் கத்தலையாம். பதினோரு பேரத் தூக்குல போடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டப்பவும் கை நடுங்கலையாம். அடிதான் ஆளாக்குச்சும்பாரு. கூட்டம் தலைய ஆட்டும்.

அங்க ஒரு மேஜை இருக்குக்கா, என் நெஞ்சு ஒசரத்துக்கு. மரக்கால ஊனிக்கிட்டு கவர்னர் நின்னுக்கிட்டேதான் எழுதுவாராம். என்ன சுறுசுறுப்பு பாருங்கன்னு ஓட்டிஸ் சொல்வாரு, எல்லாரும் போட்டோ எடுப்பாங்க. ஒருநாள் அதத் தொடச்சுக்கிட்டே இருந்தேன். திடீர்னு தோணுச்சு, சின்னதுல உக்கார முடியாமப் போன புள்ள பெரிசாகியும் உக்காரலியோன்னு.

அவர் கூடப்பொறந்தவ ஒருத்தி இருந்திருக்கா, எம்மலைன். அதே அப்பன், அதே வார். ஒரு தடவ ஒரு பாப்பா கேட்டுச்சு, அவங்க என்ன ஆனாங்கன்னு. ஓட்டிஸ், அது கொஞ்சம் ஒரு மாதிரி, மாடிய விட்டு எறங்கவே எறங்காதுன்னாரு. அப்புறம் வெண்ணெ கடையுற பீப்பாயக் காட்டப் போயிட்டாரு.

பின்னாடி ஒண்ணும் வரலியே? சரி.

கோடை வந்தா நாடகம் உண்டு, ஒரு நாளைக்கு ரெண்டு தடவ, மத்தியானம் ஒண்ணு, மூணு மணிக்கு ஒண்ணு. முத்தத்துல பெஞ்சு போட்டுக் கூட்டம் உக்காரும், எலுமிச்சை ஜூஸும் கையுமா. அப்பன் பையன இழுத்துக்கிட்டுக் கொட்டகைக்குள்ள போயிக் கதவச் சாத்திக்குவான். சத்தம் மட்டும்தான் வெளிய வரும். கவர்னரோட அம்மா அந்தக் கொட்டகை வாசல்ல நிக்கணும், கூட்டத்தப் பாத்தபடி, கைய ஏப்ரனுக்குள்ள விட்டுக்கிட்டு. பேசக்கூடாது, திரும்பக்கூடாது. அதுதான் என் வேஷம். அந்தத் தாய் வாய மூடிக்கிட்டதாலதான் நமக்கு ஒரு கவர்னர் கெடச்சாருன்னு ஓட்டிஸ் முடிப்பாரு. பொம்பளைங்க மூக்கச் சிந்துவாங்க. ஆம்பளைங்க சில பேர் மகன் தலையில தட்டி, பாத்தியாடா, நான்லாம் எவ்வளவோ தேவலைன்னு சிரிப்பாங்க.

அப்பனா வர்றது ராயிஸ்தான், நாலு வருஷமா. நல்ல ஒசரம், கனத்த குரல். தீவனக் கடையில மூட்டை தூக்குற ஒடம்பு. பையன் வேஷம் முன்னாடி வேற புள்ளைக்கு இருந்துச்சு, அவனுக்குக் குரல் ஒடஞ்சுபோச்சு. இந்தக் கோடையில எங்க வெஸ்லி. இதோ, இவன்தான். எட்டு வயசு. கன்னுக்குட்டி செத்தா ரெண்டு நாள் சாப்பிட மாட்டான். ராயிஸுக்கு அது ஆகாது. இவன இப்படியே விட்டா கேக்குக்கு க்ரீம் தடவத்தான் லாயக்கும்பாரு. ரெண்டு போட்டாத்தான் ஒறைக்கும், கவர்னருக்கு ஒறைக்கலியாம்பாரு. ஆனா வீட்டுல நான் விட்டதில்லக்கா. வாய் தெறக்க மாட்டேன். குறுக்க போய் நின்னுக்குவேன். கல்யாணமாகி நான் ஜெயிச்சது அது ஒண்ணுதான்.

இந்தக் கோடையில அவரும் அந்தப் பேச்ச விட்டுட்டாரு. நான் குறுக்க நின்னதுல புரிஞ்சிருச்சுன்னு நினைச்சேன். நாடகத்துக்குப் போறப்ப விசிலடிச்சுக்கிட்டுப் போவாரு.

வெஸ்லிக்கு ஊரே பாராட்டு. பேப்பர்ல வந்துச்சு. ஓட்டிஸ், இவன் பொறவியிலயே நடிகன்னாரு. அந்தக் கத்தல் ஒவ்வொண்ணும் ஈரக்கொலையப் பிடுங்குதுன்னு ஒரு அம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டா. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. குளிக்கப் போனா தாழ்ப்பா போட்டுக்கிட்டான். வளந்துட்டான், வெக்கம் வந்துருச்சுன்னு சிரிச்சுக்கிட்டேன்.

அடிச் சத்தமா? அதுக்கு உள்ள ஒரு வைக்கோல் கட்டு கெடக்கும்க்கா. வார அதுமேல வீசணும், பையன் மூலையில நின்னு கத்தணும். கட்டு மாத்துறது என் வேலை. ரெண்டு வாரம் தாங்காது, நார் நாராப் பிஞ்சுரும். இன்னைக்குக் காலையில கொட்டகையக் கூட்டப் போனப்பத்தான் நினைப்பு வந்துச்சு, இந்த வருஷம் யாரும் புதுக் கட்டே கேக்கலையேன்னு. தொட்டுப் பாத்தேன். ஜூன்ல நான் போட்டது. கட்டின கயிறு கட்டினபடி இருந்துச்சு. ஒரு கீறல் இல்ல.

தொப்பியப் போட்டுக்கிட்டு வாசல்ல போய் நின்னேன். நான் தப்பா நினைச்சிருந்தா அந்த மனுசனுக்குப் பாவம் பண்ணினவ ஆயிருவேனேன்னு, மொத அடி விழுற வரைக்கும் நின்னேன். வைக்கோல்ல விழுந்தா பொத்துன்னு கேக்கும். இது அப்படிக் கேக்கல.

திரும்பினேன். கதவத் தெறந்தேன். பையன் கையப் பிடிச்சு வெளிய கூட்டிட்டு வந்தேன். பெஞ்சுக்கு நடுவாலயே நடந்தோம். கூட்டம் எந்திரிச்சு நின்னு கைதட்டுச்சுக்கா. புதுசா சேத்திருக்காங்கன்னு நினைச்சுட்டாங்க. அந்த அம்மாவுக்கு இப்பவாவது உசுரு வந்துச்சேன்னு ஒருத்தி சொன்னா. எங்களுக்கு வழி விட்டாங்க. ராயிஸ் கையில வாரோட கதவுல வந்து நின்னாரு. அத்தன பேரு அவரப் பாத்துத் தட்டுறாங்க, அவரு என்ன பண்ணுவாரு? தொப்பியக் கழட்டிக் குனிஞ்சு வணக்கம் சொன்னாரு. மறுபடி மறுபடி சொன்னாரு. அதுக்குள்ள நாங்க ரோட்டத் தாண்டிட்டோம்.

இது ஆத்துப் பாலந்தானே? அதோ, நாடீன் காரு. அவளேதான்.

இவன் தூங்கல, சும்மா கண்ண மூடிக்கிட்டிருக்கான். பஸ் ஏறினதும் ஒண்ணே ஒண்ணு கேட்டான். மூணு மணி நாடகத்துக்கு என் எடத்துல யாரும்மான்னான்.