குடிக்காதவரின் ஈரல்

மேடையில் அமர்ந்திருக்கும் நம் மதுவிலக்கு மன்றத் தலைவர் வைத்தீஸ்வரன் அவர்களே, கிளினிக்கை மூடிவிட்டு வந்திருக்கும் டாக்டர் ஃபாத்திமா அம்மா அவர்களே, கணவர் அப்பாதுரையைப் பறிகொடுத்து முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் சந்திரம்மா, ஸ்ரீராம்புரத்து ஜனங்களே! எல்லாருக்கும் என் கும்பிடு.

எனக்கு மேடைப் பேச்சு தெரியாது. நடந்ததை மறக்கவும் தெரியாது.

மன்றத்தின் செயலாளராக இருந்த அப்பாதுரை அவர்கள் யார்? முனைச் சாராயக் கடை வாசலில், கொட்டுகிற மழையில் குறுக்கே படுத்து, "உள்ள போகணும்னா என்னை மிதிச்சிட்டுப் போங்கடா" என்றவர் அல்லவா! நான் பெற்ற மகன் சின்னப்பா மிதித்தான். மிதித்தவனை மறுநாள் கையைப் பிடித்து வேலைக்குக் கூட்டிப்போனவர் அப்பாதுரை அல்லவா!

குடி நின்ற வீடுகளில் எல்லாம் அவரை உட்கார வைத்துக் கேசரிபாத் கொடுத்தோம். அவருக்குச் சர்க்கரை வியாதி என்று நமக்குத் தெரியாதா? தெரியும். "ஒரு நாள்தானே, தின்னு தம்பி" என்றோம். வீட்டுக்கு ஒரு நாள்! நம் மனசு நோகக் கூடாதென்று தின்றார். உடம்பு பெருத்தது. மகராசன் மாதிரி இருக்கிறார் என்று மெச்சியதும் நாம்தான்.

தொண்ணூற்றெட்டில் ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் கொழுப்பு படிந்து, ஈரல் கெடத் தொடங்கியிருந்தது. அவர் மறைத்தாரா? மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார்: "குடிக்காதவங்களுக்கும் வருமாம். சர்க்கரையும் தொந்தியும் இருந்தா வருமாம். சர்க்கரையை அடக்கணும், சோத்தைக் குறைக்கணும், தினமும் நடந்து எடையைக் கொஞ்சம் கொஞ்சமா எறக்கணும். அதான் வைத்தியமாம்."

"குடிக்காதவனுக்கு ஈரல் கெடுமா, அப்பாதுரை?" தலைவரே, இது நீங்கள் கேட்டது.

"ஓ, கொழுப்புன்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டாங்களா?" இது கஸ்தூரிரங்கன், பின் வரிசையிலிருந்து. சபையே சிரித்தது. நானும் சிரித்தேன். குடிக்கிறார் என்று முடிவு கட்டி அந்த வாரமே பதவியைப் பறித்தோம். என் மகனை மீட்டவருக்காக நான் வாயைத் திறந்தேனா? ஐயோ, திறக்கவில்லையே!

அப்புறமும் அவர் விடவில்லை. விடிந்ததும் ரயில்வே பாலம் வரை நடந்தார். சோறு பாதியானது, களியும் கீரையுமாகச் சாப்பிட்டார். பேண்ட் தொளதொளத்தது. அடுத்த ஸ்கேனில் கொஞ்சம் தேறியிருக்கிறது என்றார்கள். நாம் விட்டோமா?

"ஏன் சார், நைட்டு போட்டது இன்னும் எறங்கலியா?" என்றது டீக்கடை. இளைத்த உடம்பைப் பார்த்து, "குடி அரிச்சிடுச்சு பாரு" என்றது குழாயடி. நோய் இறங்க இறங்க நம் பேச்சு ஏறியது!

நடப்பதை நிறுத்தினார். கிளினிக் பக்கம் போவதையும் நிறுத்தினார். சந்திரம்மா கெஞ்சியிருக்கிறாள். "ஈரலுக்குன்னு டாக்டர்கிட்ட போனா, குடிகாரன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்டி" என்றிருக்கிறார். கடைசியில் வயிற்றில் நீர் கோத்து, ரத்தம் கக்கிப் போய்ச் சேர்ந்தார்.

மேடை ஏறுமுன் டாக்டரம்மாவைக் கேட்டேன்: "நடந்துக்கிட்டே இருந்திருந்தா பொழைச்சிருப்பாரா?"

"உறுதியா சொல்ல முடியாதும்மா. இன்னும் கொஞ்ச காலம் நல்லா இருந்திருக்கலாம்."

அந்தக் கொஞ்ச காலத்தைத் தின்றது யார்? ஒரு சொட்டு தொடாத மனிதரைக் குடிகாரன் என்ற பேரோடு சுடுகாட்டுக்கு அனுப்பியது யார்? சந்திரம்மா, உன்னிடம் மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

எனக்கும் பல வருஷமாகச் சர்க்கரை. என் தொந்தியும் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. டாக்டரம்மா, நாளைக் காலையில் என் ஈரலைக் காட்ட உங்களிடம் வருகிறேன். எங்கே போகிறாய் என்று கேட்பவர்களுக்குத் தெருவே கேட்கும்படி பதில் சொல்வேன். அப்பாதுரை வெட்கப்பட்டுச் செத்தது போல இந்த ஏரியாவில் இனி ஒருவரும் சாகக் கூடாது.

தலைவரே, உங்களுக்கும் சர்க்கரை உண்டு. உங்களையும் கூட்டிப்போக ஏழு மணிக்கு உங்கள் வாசலில் வந்து நிற்பேன். செருப்பைப் போட்டுக்கொண்டு தயாராக இருங்கள்.